நின்றால் சொல்லும் தறி

திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தினார். "நாலு நின்னுடுச்சு" என்றார். உள்ளே எட்டு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. எனக்குக் கேட்டதெல்லாம் ஒரே இரைச்சல்தான், தகரக் கொட்டகை மேல் கல்மாரி பெய்வதுபோல. அவருக்கு அது எட்டுக் குரல்கள். அதில் ஒன்று அடங்கியது, சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தே தெரிந்துவிட்டது. எழுந்து போய்ப் பார்த்தால், நாலாம் நம்பர் தறியில் தாரில் சுற்றிய நூல் தீர்ந்து போயிருந்தது.

திருத்தணிக்கு மேற்கே ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, அத்திமாஞ்சேரிப்பேட்டை என்று தறியை நம்பிய ஊர்கள் பல. முருகனைப் பார்க்க வருகிறவர்கள் 365 படி ஏறி இறங்கி, ரயிலையோ திருப்பதி பஸ்ஸையோ பிடித்துப் போய்விடுகிறார்கள். இந்த ஊர்களின் சத்தம் அவர்கள் காதுக்கு எட்டுவதில்லை. 'ஸ்மார்ட் தொழிற்சாலை', 'இண்டஸ்ட்ரி 4.0' என்று இன்று கருத்தரங்குகளில் முழங்கும் சொற்களைப் புரிந்துகொள்ள நான் ஒருவரை அனுப்புவதென்றால் முதலில் இங்கேதான் அனுப்புவேன். ஸ்ரீபெரும்புதூருக்கு அப்புறம் போகலாம். அந்தச் சொற்களுக்குள் இருக்கும் விஷயம், திண்ணையில் உட்கார்ந்திருந்தவரின் காது செய்த வேலைதான்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. சாதாரண விசைத்தறியில், குறுக்கு நூலான ஊடையைச் சுமக்கும் நாடா நிமிடத்துக்குச் சுமார் 150 தடவை இப்படியும் அப்படியும் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். துணியில் அங்குலத்துக்கு 60 ஊடை. அப்படியானால் நிமிடத்துக்கு இரண்டரை அங்குலம், மணிக்குப் பன்னிரண்டரை அடி, எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு 100 அடி. ஒரு நொடிகூட நிற்காமல் ஓடினால் கிடைக்கும் நீளம் இது. மாலையில் துணியை அளந்தால் 75 அடிதான் இருக்கும். மீதி 25 அடி எங்கே போனது? தார் மாற்ற நின்ற நேரம், நெடுக்காக ஓடும் பாவு நூல் அறுந்து பிணைத்த நேரம், அடுத்த பாவு வராமல் காத்திருந்த நேரம், கரண்ட் போன நேரம். எது எவ்வளவு என்று கேட்டால் தறிக்காரர் ஒரு குத்துமதிப்பு சொல்வார். மேனேஜர் இன்னொன்று சொல்வார். இருவரும் அடித்துப் பேசுவார்கள். தொழிற்சாலையில் இயந்திரங்களை ஒன்றோடொன்று இணைப்பதன் அடிப்படை வேலை, காணாமல் போன அந்த 25 அடிக்குக் கணக்கு எழுதுவதுதான்.

நிற்கத் தெரிந்த இயந்திரம் புதிய சங்கதி அல்ல. சாதாரண விசைத்தறியிலேயே துணியின் ஓரத்தில் ஒரு சின்ன முள்கரண்டி இருக்கும். ஊடை நூல் வந்திருக்கிறதா என்று அது தொட்டுப் பார்க்கும். நூல் இல்லையென்றால் தறியை நிறுத்திவிடும். நாலாம் நம்பர் தறியை நிறுத்தியதும் இதுதான். பாவு நூலுக்குக் காவல் இன்னும் அழகானது. கொஞ்சம் மேம்பட்ட தறிகளில் ஒவ்வொரு பாவு நூலிலும் மெல்லிய இரும்புத் தகடு ஒன்று தொங்கும். டிராப் பின் என்பார்கள். ஒரு பாவில் மூவாயிரம் நூல் என்றால் மூவாயிரம் தகடுகள். நூல் இறுக்கமாக இருக்கும் வரை தகடு அந்தரத்தில் நிற்கும். நூல் அறுந்தால் தாங்க ஆளில்லாமல் பொத்தென்று விழும். விழுந்த இடத்தில் இருக்கும் கம்பியைத் தொட்டு மின்சுற்றை மூடும், தறி நின்றுவிடும். கம்ப்யூட்டர் கிடையாது, புரோகிராம் கிடையாது, வெறும் புவியீர்ப்பு. என்னைக் கேட்டால் சென்சார் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை.

இந்தத் தகட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய கதை உண்டு. ஜப்பானில் சகிச்சி டொயோடா என்ற தச்சர் மகன் வாழ்நாள் முழுவதும் தறியோடு மல்லுக்கட்டினார். 1924ல் அவர் முடித்த 'ஜி' வகைத் தானியங்கித் தறி, ஓட்டத்தை நிறுத்தாமலேயே நாடாவை மாற்றிக்கொள்ளும், நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும். நிற்கத் தெரிந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஆள் நின்று காவல் காக்க வேண்டியதில்லை. அதனால் ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. 1929ல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி இதன் காப்புரிமையை ஒரு லட்சம் பவுண்டுக்குப் பேசி வாங்கியது. சகிச்சியின் மகன் கீச்சிரோ கார் பக்கம் திரும்பினார், 1937ல் டொயோட்டா மோட்டார் பிறந்தது. தப்பு நடந்தால் உடனே நில், நின்றதை எல்லோருக்கும் தெரியும்படி காட்டு என்ற தறிக் கொட்டகைப் பாடம் அப்படியே கார் ஆலைக்குப் போனது. அங்கே தொழிலாளி தலைக்கு மேல் ஒரு கயிறு தொங்கும். கோளாறு கண்டால் இழுக்கலாம். விளக்குப் பலகையில் அவருடைய இடத்தின் எண் எரியும்.

நிற்பது தறிக்குத் தெரியும். நின்றதை அடுத்த ஆளுக்குச் சொல்லத்தான் தெரியாது. திண்ணைக்காரர் வெளியூர் போயிருந்தால், நாலாம் நம்பர் யாராவது கவனிக்கும் வரை சும்மா நிற்கும். பல பழைய தறிகளில் தறி நின்றாலும் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும், பெல்ட் சும்மா ஓடும். விசைத்தறிகளுக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் மின்சாரம் இலவசம் என்று 2023ல் அரசு உயர்த்தியது. அந்த யூனிட்டில் எவ்வளவு துணியானது, எவ்வளவு வெறும் சுற்றலில் போனது என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை.

தறியைப் பேச வைப்பது எப்படி? நினைப்பதைவிடச் சுலபம், நினைப்பதைவிடத் தொல்லை. தறியின் கிராங்க் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு ஊடை விழுந்ததாக அர்த்தம். அந்த ஷாஃப்டில் இருக்கும் ஒரு போல்ட் தலைக்கு நேராக, சில மில்லிமீட்டர் தள்ளி, விரல் நீளத்தில் ஒரு சென்சாரை வைக்கிறார்கள். இரும்பு எதிரே வரும்போதெல்லாம் அது ஒரு மின்துடிப்பு தரும். நிமிடத்துக்கு 150 துடிப்பு என்றால் தறி ஓடுகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் 0.4 விநாடி இடைவெளி. இரண்டு விநாடி துடிப்பே இல்லையென்றால் நின்றுவிட்டது. சென்சார் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. துடிப்பை எண்ணி வைஃபையில் அனுப்ப, 2016ல் சந்தைக்கு வந்த ஈ.எஸ்.பி.32 மாதிரியான சில்லு போதும், அதுவும் சில நூறு ரூபாய்தான். கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு வாரத்தில் செய்து காட்டிவிடுவார்.

தொல்லை அதற்குப் பிறகு வருகிறது. தறிக் கொட்டகையில் பஞ்சு பறக்கும். மூன்று மாதத்தில் பெட்டிக்குள் பஞ்சு மெத்தை போட்டிருக்கும். அதிர்வில் ஸ்க்ரூ கழன்று சென்சார் அரை அங்குலம் நகர்ந்தால் போல்ட் தலை அதன் கண்ணில் படாது. ஓடுகிற தறி, நின்றுவிட்டதாகச் செய்தி போகும். மோட்டார் போடும் மின்னிரைச்சலில் பொய்த் துடிப்புகள் வேறு சேரும், நின்ற தறி ஓடுவதாகச் சொல்லும். அதனால்தான் வைஃபையை நம்பாமல் ஆர்.எஸ்.485 என்ற பழைய முறைப்படி இரண்டு கம்பிகளை முறுக்கி இழுக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். முறுக்கிய இரண்டு கம்பியிலும் இரைச்சல் ஒரே அளவில் ஏறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் படித்தால் இரைச்சல் கழிந்துபோகும். 1,200 மீட்டர் வரை செய்தி போகும். ஒரு தெருவுக்கே தாராளம்.

பெரிய ஆலைகளில் இந்த எண்ணும் வேலையைச் செய்வது பி.எல்.சி. எனப்படும் கட்டுப்பாட்டுப் பெட்டி. 1968ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கியர் தொழிற்சாலை ஒரு கோரிக்கை வைத்தது. ஒவ்வொரு தடவை கார் மாடல் மாறும்போதும் அலமாரி அலமாரியாக ரிலேக்களைக் கழற்றி வயரை மாற்றிக் கட்ட முடியவில்லை, வயரைத் தொடாமல் மாற்ற ஒரு வழி வேண்டும் என்று. டிக் மோர்லியின் குழு செய்து கொடுத்த பெட்டியின் பெயர் மாடிக்கான் 084. அது அவர்களின் 84ஆவது வேலை என்பதால் அந்த எண். பெட்டிகள் தங்களுக்குள் பேச மாடிக்கான் கம்பெனி 1979ல் மாட்பஸ் என்ற மொழியை வெளியிட்டது. அது இன்றும் உயிரோடு இருக்கிறது. ஊரில் நாளை நீங்கள் வாங்கும் மின் மீட்டரும் அந்த மொழி பேசக்கூடும்.

மொழிச் சிக்கலைத் திருத்தணிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழகத்துக்கு வந்த ஊர் இது. கடைத்தெருவில் தமிழில் தொடங்கிய வாக்கியம் தெலுங்கில் முடியும். தொழிற்சாலையிலும் வெகுகாலம் இதே கதைதான். ஜெர்மன்காரரின் பெட்டி ஒரு மொழி, ஜப்பான்காரரின் பெட்டி இன்னொன்று, சீனத்து மீட்டர் மூன்றாவது. ஆனால் இங்கே போல யாரும் இன்னொரு மொழியைக் கற்றுக்கொள்ளவில்லை. நடுவே ஒரு துபாஷி தேவைப்பட்டார். அந்தத் துபாஷி வேலையைப் பார்க்கும் பெட்டிக்கு கேட்வே என்று பெயர். 1996ல் ஓ.பி.சி. என்ற பொது இலக்கணமும், 2008ல் அதன் புதிய வடிவமான ஓ.பி.சி. யு.ஏ.வும் வந்தபிறகு நிலைமை தேறியது. புதிய இலக்கணம் வெறும் எண்ணை மட்டும் அனுப்புவதில்லை. '75' என்று வந்தால் அது டிகிரியா, அடியா, எந்த மோட்டாருடையது என்பதையும் சேர்த்தே சொல்லும்.

இன்னொரு முறையும் உண்டு. எனக்கு மிகப் பிடித்தது அதுதான். 1999ல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் என்ற இருவர், பாலைவனத்தில் ஓடும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க எம்.க்யூ.டி.டி. என்ற முறையை உருவாக்கினார்கள். செயற்கைக்கோளில் ஒவ்வொரு எழுத்துக்கும் காசு, அதனால் வாயைத் திறந்தால் அளந்து பேச வேண்டும். இதில் இயந்திரம் யாரையும் கூப்பிட்டுப் பேசுவதில்லை. நடுவில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கும். 'நாலாம் தறி பற்றி எது வந்தாலும் எனக்குச் சொல்' என்று முன்பே சொல்லி வைத்தவர்களுக்கு மட்டும் அவர் செய்தியைக் கடத்துவார். அந்த நடுவாளுக்குப் பெயரே புரோக்கர்தான். துணி வியாபாரத்தில் புரோக்கரைப் பார்த்தவர்களுக்கு அறிமுகமே வேண்டாம். இவர் கமிஷன் கேட்கமாட்டார், அவ்வளவுதான்.

இதில் ஒரு நுணுக்கம். இணைப்பு எடுக்கும்போதே ஒவ்வொரு கருவியும் புரோக்கரிடம் ஓர் உயில் எழுதி வைக்கலாம். 'திடீரென்று என் சத்தம் நின்றுபோனால் இன்னாருக்கு இந்தச் செய்தியைச் சொல்.' உயில் என்பது என் உவமை அல்ல, அந்த முறையிலேயே அதற்குப் பெயர் அதுதான். நூல் அறுந்து நின்ற தறிக்கும் கரண்ட் போய்ப் பேச்சற்றுப் போன பெட்டிக்கும் உள்ள வேறுபாடு இதனால் பிடிபடுகிறது. நின்ற தறி 'நின்றுவிட்டேன்' என்று தானே சொல்லும். பேச்சற்ற பெட்டிக்காக உயில் பேசும். எட்டு உயில்களும் ஒரே நேரத்தில் வாசிக்கப்பட்டால் கரண்ட் போயிருக்கிறது என்று வெளியூரில் இருப்பவருக்கும் தெரிந்துவிடும். புரோக்கர் பெட்டிக்குத் தனியாக ஒரு பேட்டரி வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் உயிலை வாசிக்க ஆளிருக்காது.

நின்றதைச் சொல்வது ஒரு படி. நிற்கப் போவதைச் சொல்வது அடுத்தது. தறி மேஸ்திரி ஒருவர் ஸ்க்ரூ டிரைவரின் நுனியைப் பேரிங் கூட்டின் மேல் அழுத்தி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணை மூடிக்கொண்டு பத்து விநாடி. பிறகு "ரெண்டு வாரம் தாங்கும்" என்பார். பேரிங் வளையத்தில் மயிரிழை விரிசல் விட்டிருந்தால், ஒவ்வொரு உருளையும் அதைக் கடக்கும்போது ஒரு தட்டு தட்டும். எத்தனை உருளை, எவ்வளவு வேகம் என்று தெரிந்தால் விநாடிக்கு எத்தனை தட்டு என்று கணக்குப் போடலாம். உள்வளையத்தில் விரிசல் என்றால் ஓர் எண், வெளிவளையத்தில் என்றால் வேறோர் எண். அதிர்வு சென்சார் செய்வது இதைத்தான். செல்போனைப் படுக்க வைத்தால் படம் படுப்பதற்குக் காரணமான அதே வகைச் சில்லின் உறுதியான அண்ணன் அது. பல தட்டுகள் குழம்பிய இரைச்சலைத் தனித்தனிச் சுருதிகளாகப் பிரித்துக் காட்ட, பிரெஞ்சுக் கணித மேதை ஃபூரியர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு காட்டிய வழி இருக்கிறது. அதைக் கம்ப்யூட்டரில் வேகமாகப் போடும் முறையை 1965ல் கூலி, டூக்கி என்ற இருவர் வெளியிட்டார்கள். மேஸ்திரிக்கு ஃபூரியர் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இரண்டு மணிக்கு மேஸ்திரி இருக்கமாட்டார், சென்சார் இருக்கும்.

நூற்பாலைகளில் இந்த இணைப்பு நன்றாகவே வேரூன்றிவிட்டது. ஒரு ரிங் ஃபிரேமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதிர்கள். எதில் நூல் அறுந்தது என்று தேடிக்கொண்டு சைடர் பெண்கள் ஷிஃப்ட் முழுக்க நடப்பார்கள், கிலோமீட்டர் கணக்கில். இப்போது ஒவ்வொரு கதிருக்கும் ஒரு சென்சார். நூலை வழிநடத்தும் சிறு எஃகுக் கொக்கி வளையத்தில் சுற்றுகிறதா என்று அது பார்க்கும். சுற்றவில்லையென்றால் அந்தக் கதிரில் விளக்கு எரியும். நேராக அங்கே போனால் போதும். 1962ல் தொடங்கிய எல்.எம்.டபிள்யூ. உள்ளிட்ட இயந்திர நிறுவனங்கள் கோவையிலேயே இருப்பதால் கொங்குநாட்டு ஆலைகளுக்கு இது பக்கத்து வீட்டுச் சமாச்சாரம். நம் பக்கத்து விசைத்தறிக்கு அந்த அண்டை வீட்டார் வாய்க்கவில்லை.

நம் பக்கத்துக்கு வாய்த்தவை கார் ஆலைகள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், எல்லை தாண்டி ஸ்ரீசிட்டி என்று கம்பெனி பஸ் ஏறும் பையன்களும் பெண்களும் தறி ஊர்களிலிருந்தும் போகிறார்கள். 1998லிருந்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருள்கின்றன. நவீன கார் ஆலையின் ஒரே லைனில் வெவ்வேறு மாடல்கள் அடுத்தடுத்து வரும். வெறும் கூடாக வரும் வண்டியோடு ஒரு ரேடியோ அட்டையும் சேர்ந்தே வரும். இது எந்த மாடல், எந்தக் கதவு, எந்த நிறம் என்று அது ரோபோவிடம் சொல்லும். சக்கர நட்டை முடுக்கும் கருவிக்கும் இணைப்பு உண்டு. எவ்வளவு விசையில் முடுக்கியது என்ற எண் அந்த வண்டியின் எண்ணோடு சேர்த்துப் பதிவாகும். ஒரு நட்டு குறைந்தாலும் வண்டி அடுத்த இடத்துக்கு நகராது. சில வருடம் கழித்து ஒரு குறிப்பிட்ட வாரத்தில் வந்த நட்டுகள் மோசம் என்று தெரிந்தால், அவை போன வண்டிகளை மட்டும் திருப்பி அழைக்கலாம். மூவாயிரம் டிராப் பின் செய்த வேலையின் விரிந்த வடிவம்தான் இது.

இணைத்தால் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் வரும். 2017 மேயில் வான்னாக்ரை என்ற கணினிப் பூச்சி உலகெங்கும் பரவியபோது ரெனோ-நிசான் கூட்டணியின் ஆலைகள் பல தடுமாறின, ஒரகடத்து ஆலையும் அதில் ஒன்று. அடுத்த மாதம் ஜப்பானில் ஹோண்டாவின் சயாமா ஆலை ஒருநாள் நின்றது. தனியாக நின்ற தறிக்கு இந்த நோய் கிடையாது. ஆகவே ஆபீஸ் கம்ப்யூட்டரும் தறிக் கம்பியும் ஒரே வலையில் இருக்கக்கூடாது என்பது பாலபாடம். அதை மீறாத சிறு ஆலையை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆள் தயார் செய்யும் வேலை நடக்கிறது. 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் புதுப்பிக்கும் திட்டத்தைத் தமிழக அரசு எடுத்தது. அங்கே ரோபோவும் சென்சாரும் படித்து வருகிற பையன் ஒரகடத்துக்குத்தான் போவான், அதில் தப்பில்லை. எட்டுத் தறி வைத்திருப்பவருக்கு அவன் சம்பளம் கட்டுப்படியாகாது. தெருவுக்கு ஒரு பெட்டி, பத்துக் கொட்டகைக்கு ஒரு ஆள் என்று கூட்டாகச் செய்தால்தான் இது நடக்கும். கூலிக்கு நெய்யும் ஊரில் இன்னொரு சங்கடமும் உண்டு. பாவும் நூலும் கொடுப்பவர் ஒருவர், தறி இன்னொருவருடையது. தறி எவ்வளவு நேரம் ஓடியது என்ற கணக்கு பாவு கொடுப்பவர் கைக்குப் போனால் அது கூலி பேசும் ஆயுதமாகிவிடும். தறிக்காரர் கையில் இருந்தால், "உங்க பாவு வர மூணு நாள் லேட், பாருங்க" என்று காட்டலாம். புரோக்கர் யாருக்குச் செய்தி சொல்ல வேண்டும் என்று எழுதும் வரியில்தான் இந்த வழக்கு முடிவாகிறது. அதை சாஃப்ட்வேர் எழுதுகிறவரிடம் விட்டுவிடுவது வழக்கமாக இருக்கிறது. அது சரியில்லை என்பது என் கட்சி.

ஒரு கொட்டகையில் இப்படிப்பட்ட பெட்டி ஒன்றைப் பார்த்தேன். தறி நிற்பதை அது தானாகக் கண்டுபிடிக்கும். ஏன் நின்றது என்று அதற்குத் தெரியாது. அதற்காக ஐந்து பட்டன்கள்: நூல் அறுந்தது, தார், பாவு இல்லை, ரிப்பேர், மற்றவை. முதல் நான்கிலும் எழுத்து புதுசு போலவே இருந்தது. ஐந்தாவதில் எழுத்தே தேய்ந்து போயிருந்தது.

தறியில் நின்ற அம்மாவிடம் ஏன் எப்போதும் அதையே அழுத்துகிறீர்கள் என்று கேட்டேன். ஊடையில் கண் வைத்தபடியே சிரித்தார்.

"தண்ணி குடிச்சிட்டு வர்றதுக்கு இதுல எந்தப் பட்டன் சார்?"